இளவரசி இறங்கிய மண்டபம்

எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெற்றவள் என்று போன சனிக்கிழமை எனக்கு வைத்த விருந்தில், யாரோ புகை மெஷினைப் போட்டுவிட்டார்கள். கருகிய சீனியும் பிளாஸ்ரிக்கும் கலந்த அந்த மணம் வந்ததும் எனக்கு ஒரு பழைய படிக்கட்டு ஞாபகம் வந்தது; அங்கேயும் இதே புகையைத்தான் விட்டார்கள்.

மார்க்கம் என்ற கனடிய நகரில், இப்போது இடித்துவிட்ட ஒரு கலியாண மண்டபம். சிந்திய சோடாவில் சப்பாத்து ஒட்டும் கம்பளம், தங்க வர்ணம் உரியும் கைப்பிடி, ரோல்ஸ் பொரித்த எண்ணெய் வாடைக்குள் வளைந்து இறங்கும் படிக்கட்டு. அங்கேதான் பன்னிரண்டு வயதில் நான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்தார்கள். பல்லக்கு, அன்னம், குதிரை வண்டி எல்லாவற்றிலும் மற்றப் பிள்ளைகள் தங்கள் சாமத்தியவீடுகளில் வந்துவிட்டதால், வீடியோ எடுக்கும் அண்ணை நான் நடித்து இறங்குவதற்கு ஒரு பழைய ஹொலிவூட் பாட்டுப் படத்தைத் தெரிவுசெய்தார். அதில் இளவரசன் ஒரு கடைக்காரப் பெண்ணைக் காதலித்து, அவள் கையைப் பிடித்துப் பாடிக்கொண்டே அரண்மனைப் படிகளில் இறங்கிவருவான். இளவரசனாக வெல்வெற் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவன் என் மாமாவின் மகன்.

“கையைக் குடுங்கோ தங்கச்சி, வெக்கப்பட்டுச் சிரியுங்கோ,” என்றார் வீடியோ அண்ணை.

“மாட்டன்.”

“கையைக் குடன் பிள்ளை, நாளைக்குக் கட்டப்போறவன்தானே,” என்று கீழேயிருந்து மாமி சொல்ல, மண்டபமே சிரித்தது.

நான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் பாராமல் தனியே இறங்கினேன்.

வீடியோவில் அது இல்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்த ஹொலிவூட் படத்தின் காட்சியையே ஒட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரர் வீடுகளில் இன்றும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரி, கீழே எழுதிய என் பெயரோடு, ஒருவன் கையைப் பிடித்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு இறங்குகிறாள்.