கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பேரம்

"மறைக்கதுக்கு இதுல என்ன இருக்கு மதினி? ஆமா, எம் பேத்தி கடலுக்குள்ள ரோந்துப் படகுலதான் வேல பாக்குதா. பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு அந்த வேலன்னு மூணாம் வீட்டுக்காரி கேட்டாளாம்லா? அவள எங்கிட்ட அனுப்புங்க. ஏழு வயசுல ஒரு ரோந்துப் படகையே நடுத்தண்ணியில நிப்பாட்டுனவ நான்!"

பக்கத்து வீட்டு மதினி வாயைப் பிளந்தாள். பிறகென்ன, சொன்னேன்.

நான் வண்ணார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில். சேரன்மகாதேவி வயல்களில் பாய்கிற அதே தண்ணீர்தான், எங்கள் ஊருக்கு வரும்போது உப்புக் கரிக்கும். அதில் அம்மா வைக்கிற குழம்புக்கு உப்பே போடவேண்டாம் என்று அப்பா கேலி செய்வார். அது கிடக்கட்டும்.

எங்கள் ஆற்று வாயில் மணல்திட்டு ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். வெளியூர்ப் படகு வந்தால் ஒரு பிள்ளையைத் திட்டின் ஓரமாக நடக்கவிடுவோம். பிள்ளை நடப்பது மேடு, அதையடுத்து ஆழம். சற்றுத் தள்ளி, ஆழத்திலேயே படகு ஊர்ந்து வரும். பெரிய ஆள் இறங்கினால் தொடைவரை புதைந்துவிடுவான். அந்த வருடம் ஊரிலேயே எடை குறைந்த பிள்ளை நான்.

கடலுக்கு அக்கரையிலிருந்து தங்கமும் துணியும் களவாக வந்து இறங்கிய காலம் அது. ரோந்துப் படகு யாரையும் நம்பாது. மீனைத் துரத்தி வெகுதூரம் போன அப்பாவிடம் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. அவரைத் தங்கள் படகில் ஏற்றி, எங்கள் வள்ளத்தை அதன் பின்னால் கட்டிக்கொண்டு, கரையில் சரக்கு கிடக்கிறதா என்று தேட ஆற்றுக்குள் வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தூத்துக்குடிக்குத் திரும்பலாமென்றால் அதற்குள் கடல் இறங்கித் தண்ணீர் வற்றி, வழி தெரியவில்லை. வள்ளம் போனால் சோறு போச்சு என்று அம்மா கரையில் மண்ணை வாரித் தூற்றினாள்.

தொப்பி போட்ட அதிகாரி வழி கேட்டார். ஊர் என்னை முன்னால் தள்ளியது. நடந்தேன். திட்டு வளைகிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், நின்றுவிட்டேன்.

"நட பாப்பா."

"எங்கப்பா வள்ளத்த அவுத்து விடுங்க."

"அடி வாங்குவ."

"வந்து அடிங்க, பாப்போம்!"

யார் வருவது? இறங்கினால் ஆள் புதைவான், கிட்டே வந்தால் படகு தட்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நேரம் போயிற்று. அப்பாதான் படகிலிருந்து கத்தினார்.

"ஏட்டி, போதும்ட்டி! பைய திரும்பிக் கரைக்குப் போ!"

"நீங்க சும்மா இருங்கப்பா, நான் பேசிக்கிடுதேன்!"

படகில் சிரித்தார்கள். தொப்பிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. திடீரென்று, "கயித்த வெட்டு!" என்று ஆட்களிடம் அலறினார்; அப்பாவிடம், "ஓடு!" என்றார். அப்பா வள்ளத்தில் குதித்து, கம்பை ஊன்றி வந்து, என் முடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டு ஓர் அறை விட்டார். வள்ளத்தை மீட்டுக் கொடுத்தவளுக்கு அறை! பிறகு அவரே முன்னால் போய்ப் படகுக்கு வழிகாட்டினார். கடல் வந்ததும் தொப்பிக்காரர், வீட்டுக்குப் போ என்று கையைக் காட்டினார். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

அவரைப் பணியவைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடல் திரும்ப ஏறி, தண்ணீர் என் கழுத்தைத் தொட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறினால் அவர் படகு என் உதவியில்லாமலே திட்டைத் தாண்டிவிடும், நான்தான் இருக்கமாட்டேன். என்னைத் தூக்க அந்த இடத்துக்கு வரக்கூடியது எங்கள் வள்ளம் ஒன்றுதான். இதெல்லாம் நான் பெற்ற பிள்ளைகள் ஆற்றில் இறங்க, நான் கரையில் நின்று கத்திய பிறகுதான் புரிந்தது.

"புரிஞ்சா என்ன மதினி? வள்ளம் வீட்டுக்கு வந்துச்சா இல்லியா? அவரு சொன்னபடி நான் நடந்திருந்தா அவுத்திருப்பாராக்கும்? ஐயய்யோ, மாடித் தொட்டி நெறஞ்சு ஊத்துது, மோட்டார அமத்திட்டு வாரேன்..."