கேட்காரியைச் சுட்ட ஊர்

அபுதாபியின் ருவைஸ் பிளான்ட் கேட்டில் எங்கள் பஸ் நகராமல் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. உள்ளே பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. செக்யூரிட்டி ஒவ்வொரு பாஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் சீட்டில் எங்கள் இன்ஸ்பெக்டர், வேல்ஸ் நாட்டுக்காரர். எரிச்சலோடு திரும்பி இங்கிலீஷில் சொன்னார். "அந்தக் காலத்துல எங்க ஊர்லயும் இப்படி ரோட்டை மறிச்சுக் கேட் போட்டாங்க. எங்க ஆம்பளைங்க பொம்பளை உடுப்பு மாட்டிட்டு வந்து கோடாலியால பிளந்தாங்க."

அப்புறம் விடுவேனா? டீ பிரேக்கில் எல்லாம் அவரைக் குடைந்தெடுத்தேன். நம்மூர் மாட்டுச்சந்தை கூடும் திடல் அளவுக்குச் சின்ன ஊர். ஆனால் எத்தனை ரத்தம்! நாட்டைப் பிடிக்க வந்த இங்கிலாந்துக்காரன் கோட்டை கட்டி, மதிலுக்குள் தன் ஆட்களைக் குடிவைத்தான். மண்ணுக்குச் சொந்தக்காரனான மலைக்காரன் சந்தை நாளில் மட்டும் உள்ளே வரலாம், அதுவும் கத்தியை வாசலில் வைத்துவிட்டு. ஒரு நாள் கத்தியோடே வந்து ஊரைக் கொளுத்தினார்கள். பதிலுக்குத் தூக்கு, கம்பத்தில் தலை. பல தலைமுறை கழித்து, ரோட்டில் போகிறவனிடம் காசு பிடுங்கும் சுங்கக் கேட். குடியானவர்கள் முகத்தில் கரி பூசி, பாவாடை கட்டி, தலைவனை 'அம்மா' என்று அழைத்தபடி வந்தார்கள். அம்மா கண் தெரியாதவள்போலக் கேட்டைத் தடவி, வழியில் என்னவோ மறிக்கிறதே என்பாள். பிள்ளைகள் நொறுக்குவார்கள். கேட்டில் காசு வாங்கும் ஒரு கேட்காரக் கிழவி செத்தாள்.

இதைத் தமிழில் புத்தகமாக எழுதியே தீருவது என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆஃப் நாளில் லேபர் கேம்ப் ரூமில் படித்துக் காட்டினேன். திருச்செந்தூர்ப் பக்கத்து வெல்டர் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மகளை நர்சிங் படிக்கவைப்பவர். வருஷா வருஷம் குலசை தசராவுக்கு விரதமிருந்து காளி வேஷம் கட்டுவார். இந்த வருஷம் ஷட்டவுன் என்று லீவு இல்லை.

"மாறுவேஷம்னா எழுதிருக்க? சாமிக்குக் கட்டுற நேர்ச்சைலே அது! சும்மா சேலையச் சுத்திக்கிட்டு எவன் கேட்ட உடைப்பான்?"

"நடிச்சுத்தான் காட்டுங்களேன் அண்ணே."

குளச்சல்காரன், எலக்ட்ரீஷியன், துள்ளி எழுந்தான். "நான் கேட்காரி மக்கா!"

"தாடி வச்ச கேட்காரி! வெளங்கிரும்!"

கட்டில் பலகையைக் கழற்றி நிறுத்தினோம். அவன் அதன் பின்னால் நின்றான். அண்ணன் பெட்ஷீட்டைச் சேலையாகக் கட்டி, சட்டிக்கரியை முகத்தில் அப்பினார். பலகையைத் தடவினார். தலை சுழன்று, சாமி வந்தவர்போல ஆடத் தொடங்கினார். சிரிப்பு நின்றுபோனது. உடற்பயிற்சிக் கம்பியை எடுத்து ஓங்கியபோது அந்தக் கண்ணில் எங்கள் அண்ணன் இல்லை. பலகை பிளந்தது. அடுத்த அடி குளச்சல்காரனின் முகத்தில். மூக்கு உடைந்து, சுவரெல்லாம் ரத்தம். மூன்று பேர் பாய்ந்து அழுத்தியும் அண்ணன் எங்களைச் சேர்த்தே தூக்கி எறிந்தார். தண்ணீரை முகத்தில் ஊற்றிய பிறகுதான் தளர்ந்தார்.

கேம்பில் ஒருவனை அடித்தால் வேலை போய்விடும், அடுத்த ஃபிளைட்டில் ஊர். சத்தம் கேட்டு, கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கியா ஹுவா?" என்ன நடந்தது என்று இந்தியில் கேட்டார்.

அண்ணன் கரிமுகத்தோடு தலைகுனிந்து நின்றார். எல்லோரும் குளச்சல்காரனைப் பார்த்தோம். அவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்துவிட்டு, கேம்ப் பாஸ் பக்கம் திரும்பினான்.

"கட்டில் கிர் கயா, பாய்." கட்டில் விழுந்துவிட்டதாம்.

கேம்ப் பாஸ் நம்பவில்லை. ஆனால் அடிபட்டவனே சொல்லும்போது என்ன செய்வார்? போய்விட்டார். அண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதார்.

கிளினிக்கில் தையல் போட்டு வெளியே வந்ததும் குளச்சல்காரன் என்னிடம்தான் கேட்டான். "பலகைக்குப் பின்னால நின்னு பாத்தேம்லா, சாவு வருதுன்னு தெரிஞ்சு. உன் கேட்காரிக்கு என்ன ஆச்சு? ஒரு வரியில கடந்து போயிட்டியே."

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். டீயை மேஜையில் வைத்துவிட்டார். கேட்டை உடைக்க வந்தவர்கள் கிழவியின் கூரைக்குத் தீ வைத்தார்கள். அணைக்க ஆள் கூப்பிட ஓடினாள். சுட்டார்கள். ஊர்க்காரர்களே உட்கார்ந்த விசாரணையில், எப்படிச் செத்தாள் என்று தெரியவில்லை எனத் தீர்ப்பானது. "எங்க ஊர்ல உடைச்சவங்களைப் பத்திப் பெருமையா பேசுவோம். அவளைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டோம்."

கோட்டையில் தொடங்கிய பக்கங்களை எல்லாம் ஓரம் வைத்துவிட்டேன். கூரை புகையும் வாடையைக் கிழவி உணரும் இடத்திலிருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறேன். அடுத்த ஆஃப் நாளில் அதைக் குளச்சல்காரனுக்குத்தான் முதலில் படிக்க வேண்டும். வெல்டர் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.