விளாம்பழ ஓட்டுக்குள் வைரஸ்

எனக்குக் கொப்பளிப்பான் வந்ததுகூடப் பெரிதில்லை. வீட்டில் எல்லோரும் அதை ‘அம்மாள்’ என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பரந்தனில் நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தர்மபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். தலைப்பே வைரஸ். நான் செய்யத் தொடங்கியிருந்த மாதிரியும் கொப்பளிப்பான் வைரஸ்தான். அது முந்திக்கொண்டு என் முகத்திலேயே கண்காட்சி வைத்துவிட்டது.

அம்மா கைக்குழந்தைத் தம்பியோடு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வட்ஸ்அப்பில் என்னைப் பார்த்து அழுதார். பின்னறையில் என்னோடு இருந்தவர் அப்பாவின் தங்கை, என் மாமி. வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். குசினியில் பொரியல், தாளிதம் எல்லாவற்றையும் நிறுத்தினார். என் பாயிலேயே படுத்து, நான் சொறிய விடாமல் வேப்பிலையால் தடவினார். எனக்கு அதுவும் கோபம்தான்.

வீம்புக்கு மாதிரியைச் செய்து முடித்தேன். நடுவில் சிவப்பு நூல், அது டி.என்.ஏ. சில வைரஸ்களுக்கு அந்த இடத்தில் ஆர்.என்.ஏ இருக்கும், வைரஸ்களை வகை பிரிக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். நூலைச் சுற்றிக் கலண்டர் மட்டையில் இருபது முக்கோணம் வெட்டி ஒட்டிய புரதக் கூடு. வேறு வைரஸ்களில் அந்தக் கூடு கோல் போலவும் இருக்கும், வால் வைத்தும் இருக்கும். எல்லாவற்றையும் மூடி ஒரு விளாம்பழ ஓடு, அதில் ஈர்க்கு முட்கள்.

மாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை கண் எது, வாய் எது?”

“ஒண்டும் இல்லை மாமி. தனிய விட்டால் உயிரும் இல்லை. எங்கட உடம்புக்குள்ளை வந்தால்தான் பெருகும்.”

“கண்ணும் இல்லை, வாயும் இல்லை, ஆக்களிலை வந்து இறங்கி ஆடுது. அதைத்தானேடி நானும் சொல்லுறன்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்காட்சியன்று காலை வெள்ளைச் சட்டை போட்டு, விளாம்பழ ஓட்டையும் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனேன். மாமி குறுக்கே நின்றார்.

“அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணி வார்க்காமல் படலை தாண்டேலாது.”

“வைரசுக்குத் தண்ணி வார்ப்பும் தெரியாது, படலையும் தெரியாது!” என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. பரந்தன் பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. எனக்கு வேப்பந்தண்ணீர் வார்த்து முடியும்வரை மாமியோடு ஒரு சொல் பேசவில்லை.

பிறகு மாமியின் கழுத்திலும் கொப்பளங்கள் கிளம்பின. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? பின்னறைக்கு ஓடினேன்.

“என்னட்டை இருந்துதான் உங்களுக்குத் தொத்தினது. இப்பவாவது வைரஸ் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோ!”

“தொத்தும் எண்டு எனக்கு முதலே தெரியும். சின்னனிலை எனக்கு இது வரேல்லை. கைக்குழந்தையோடை உன்ரை அம்மா வரேலாது. அப்ப உனக்குப் பக்கத்திலை ஆர் படுக்கிறது?”

தோற்றுப்போனதால் கதையை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

இன்றைக்கும் அது வைரஸ்தான். அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தொற்றும் என்று தெரிந்துகொண்டே ஒருவர் என் பாயில் வந்து படுத்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. வென்ற சந்தோஷத்தில் அவருடைய முதுகை வேப்பிலையால் அரைகுறையாகத் தடவிவிட்டு, விளாம்பழ ஓட்டைத் தூசி தட்டப் போய்விட்டேன்.