எடை போடும் நாளில் நான் சொன்ன பொய்

எங்கள் லைன் வீட்டில் பக்கத்துக் குடித்தனம் செல்வி. திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனியில் தையல் வேலை. அவளுடைய ஒன்றரை வயது மகளைப் பகலில் நான் பார்த்துக்கொண்டேன்.

பால்வாடியில் மாதம் ஒரு நாள் குழந்தைகளுக்கு எடை போடுவார்கள். நாலு பேர் பார்க்கத் தராசில் வைத்தால் கண் பட்டு இளைத்துவிடும் என்று நான் கூட்டிப்போகவில்லை; செல்வியிடம் அதைச் சொல்லவும் இல்லை. டீச்சர் வீடு தேடி வந்தார். "புள்ளை ஊருக்குப் போயிருச்சுங்க" என்றேன். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படியே போன மூன்றாம் மாதம் வயிற்றுப்போக்கில் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இவ்வளவு மெலிஞ்சிருக்குது, எடை போடவே இல்லீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஆச்சி மாசாமாசம் கூட்டிட்டுப் போறாவளே" என்றாள் செல்வி, என்னைக் காட்டி.

"ஒருக்காக்கூடப் போகலீங்க" என்றேன். செல்வி என்னைத் திட்டவில்லை. குழந்தையை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

குழந்தை பிழைத்தது. ஆனால் இன்னும் நடக்கவில்லை. செல்வி வேலையை விட்டுவிட்டாள்.

பேசக் கூச்சப்படும் நான் இப்போது எடை நாளன்று லைனில் கதவு கதவாகத் தட்டிக் கூப்பிடுகிறேன். செல்வி கதவை மட்டும் தட்டுவதில்லை. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே போய்விடுகிறாள்.