மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஹால்

ராசிபுரத்துக்கு வெளியே நாங்கள் கட்டிய வீட்டில் டைல்ஸ் என் கணவரின் தேர்வு. கேட் மாமனார் சொன்னபடி. சமையல் மேடைக்குக் கறுப்புக் கல்தான் என்று நாத்தனார் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சியது ஹாலின் நிறம். ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போயிருந்த கணவர் போனில், "அது உன்ற இஷ்டம் புள்ள" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சு காய்ந்தும் காயாத அந்த வெறும் ஹாலில் நான் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கல்யாணப் புடவையில் தொடங்கி, எனக்கு எது பிடிக்கும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கெட்டவர்கள் இல்லை, கேட்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். நானும் வாய் திறந்து சொன்னதில்லை. இந்த ஹால் சொதப்பினால் அத்தோடு என் கதை முடிந்தது. "இவகிட்ட உட்டா இப்படித்தான்" என்று நாத்தனார் ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் ஒரு திரைச்சீலைகூட என்னைக் கேட்டு வாங்க மாட்டார்கள்.

பெயிண்ட் கடையில் கொடுத்த வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். எந்த நிறத்தைப் பார்த்தாலும் அதுதான் என் நிறம் என்று மனசு துள்ளியது. நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் போகும்போது மஞ்சள் மண்டியைப் பார்த்து ஹாலை மஞ்சளுக்குக் கொடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய அம்மாளின் கத்தரிப்பூ நிற ரவிக்கை அதைப் பிடுங்கிக்கொண்டது. வீடு திரும்பி மல்லிச் சட்னி அரைத்தபோது அதையும் அட்டையில் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். சட்னி அட்டையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் பீரோவைத் திறந்ததும் விடை கிடைத்துவிட்டது. என் பிறந்த வீட்டுத் தறியில் நெய்த மயில் கழுத்துப் பட்டு. இதைவிட்டு வேறு எது? புடவையை அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்கார பாயிடம் நிறத்தைப் படிக்கும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. துணியில் வைத்தால் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடலாம்.

"மெசினு நீலங்குதும்மா" என்றார்.

"நீலம் இல்லீங்க பாய், மயில் கழுத்து. இங்க வெச்சுப் பாருங்க." மடிப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இப்பப் பச்சைங்குது."

வாசல் வெயிலுக்குத் தூக்கிப் போய் வைத்தோம். அங்கே இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. இரும்புக் கேட்டுக்கு பிரைமர் வாங்க வந்தவர் பச்சை என்றார், அவர் மனைவி நீலம் என்றார், இருவருக்கும் அங்கேயே வாக்குவாதம். மெஷின் பழுது என்று நான் அடித்துச் சொன்னேன். பாய் சிரித்துக்கொண்டே, "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுத் தாரேன், போங்க" என்று கலந்து கொடுத்தார்.

பெயிண்டர் ஒரு சுவரை அடித்து முடித்துவிட்டு ஏணியிலிருந்து பார்த்தார். "அக்கா, பாசி புடிச்ச தண்ணித் தொட்டிக்குள்ள நிக்கறாப்பல இருக்குதுங்க."

உண்மைதான். கிரகப்பிரவேசப் பத்திரிகை ஊரெல்லாம் போயாகிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, புடவையை மடியில் வைத்து அதையே முறைத்தேன். முந்தியின் ஓரத்தில் இழைகள் பிரிந்து தொங்கின. நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே போகும் ஊடை பச்சை; துணியைத் திருப்பத் திருப்ப ஒன்று மறைந்து மற்றது தெரியும். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே தவழ்ந்து வளர்ந்தவள் நான்! எந்த டப்பாவிலும் இல்லாத ஒரு நிறத்தைக் கேட்டு, மெஷின்மேல் பழி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெயிண்டர் ஏணியைவிட்டு இறங்கி வந்தார்.

"இந்தச் சொவுத்துக்கும் எதுத்த சொவுத்துக்கும் நல்ல நீலம். மத்த ரெண்டுக்கும் கிளிப் பச்சை" என்றேன்.

"ரெண்டும் சண்டை போட்டுக்குமுங்க அக்கா."

"போட்டுக்கட்டும். அதுதான் வேணும்."

அடித்து முடித்த அன்று சாயங்காலம் வாசலிலிருந்து சமையலறைக்கு நடந்தேன். நடக்க நடக்க நீலம் நகர்ந்து பச்சை வந்தது. திரும்பி நடந்தேன், பச்சை போய் நீலம். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே பல தடவை சமையலறைக்குப் போய் வந்தேன். அப்படியொரு சந்தோஷம்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்த கணவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். "உன்ற இஷ்டம்னு நாந்தான சொன்னேன்" என்றார். மறுநாள் ஹோமம் முடிந்து கூட்டம் ஹாலில் நிறைந்திருந்தபோது, நாத்தனார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீலச் சுவரைப் பார்த்தார்.

"ஏம்மிணி, கண்ணு கூசுதே! வெள்ளையடிச்சிருந்தா ஊடு லட்சணமா இருந்திருக்குமல்ல?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்து, "ஆமாங்க" என்பேன். அன்று வாய் தானாகத் திறந்தது.

"கூசுதுங்களா? இருக்கட்டுமுங்க. எனக்குப் புடிச்சிருக்குது."

காபித் தட்டோடு வந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைப் பச்சைச் சுவரின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, காபிக்குக் கை நீட்டினார்.