தேதி எழுதாத இரண்டு பேட்டரி

என் லோடு வண்டியின் டாஷ்போர்டில் இரண்டு பென்சில் பேட்டரி கிடக்கிறது. செத்த பேட்டரி. பிரேக் போட்டால் முன்னால் உருளும், வண்டி எடுத்தால் பின்னால் உருளும். ஏறுகிறவர்கள் தூக்கிப் போடட்டுமா என்பார்கள். இருக்கட்டும் என்பேன். ஏன் என்று சொன்னதில்லை. எட்டாவதோடு நின்றவன், பேச்சும் குறைவு. இதை மட்டும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் மனைவியின் அண்ணனுக்குச் சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. அதற்கு முன்னால் கடலூரில் ஐஸ் கம்பெனியில் இருந்தார். ஐஸ் உடைக்கிற மிஷின் இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. யாராவது பரிதாபப்பட்டால், "ரெண்டு போச்சு, மூணு இருக்குது. கணக்கு நம்ம பக்கம்தான்" என்பார். எனக்குப் பெண் பார்த்தபோது அவர்கள் வீட்டில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. படிப்பில்லை, சொந்த வண்டியில்லை. மச்சான்தான், "பேச மாட்டான், ஆனா பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லி முடித்து வைத்தார். அந்த வார்த்தையின் பாரம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு ரிமோட் கார் பைத்தியம். விளையாட்டுச் சாமான் இல்லை; நான்கு கிலோ எடை, விட்டால் பைக்கைத் தாண்டும். சிதம்பரத்துக்கு வெளியே பிளாட் போட்டு விற்காத மனை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் விடுவார்கள். நடத்துகிறவர் ஒரு மொபைல் கடைக்காரர். எல்லோரும் துப்பாக்கி மாதிரி ரிமோட் வைத்திருப்பார்கள். இடது கையில் பிடித்து ஆள்காட்டி விரலால் விசையை இழுத்தால் கார் ஓடும், வலது கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மச்சானுக்கு இழுக்க விரல் இல்லை. மாதக்கணக்காக விசாரித்து, பொம்மை விமானத்துக்கு வைக்கிற மாதிரி, இரண்டு குச்சி வைத்த பழைய ரிமோட் ஒன்றை வாங்கினார். அதற்குக் கட்டை விரல் இரண்டு போதும். அதைத் தூக்கிக்கொண்டு போனதும் மொபைல் கடைக்காரர் சிரித்தார். "என்னா மாமா, ஏரோப்ளேன் வுடப் போறியா?" மச்சானும் சிரித்தார். பிறகு கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "ஒரே ஒரு வாரம் பாப்பம். கை சரிப்படலன்னா அப்பறம் கேக்கக் கூடாது." சுற்றி ஜனம் நிற்கிற இடம், அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அந்த ரிமோட்டில் ஒரு குறை. நல்ல செட்டில் சிக்னல் அறுந்தால் கார் தானாக நின்றுவிடும். இதில் நிற்காது, கடைசியாக என்ன சொன்னோமோ அதையே செய்துகொண்டிருக்கும். மச்சானுக்கு அது தெரியும். "அதனால பேட்டரிதான் மாப்ள எனக்கு பிரேக்கு" என்றார். எட்டு பென்சில் பேட்டரி. சார்ஜ் ஏற்றுகிறதை நம்ப மாட்டார். முடியும்போது சொல்லாமல் முடியும் என்பார். எட்டும் ஒரே கடையில், ஒரே அட்டையில் வாங்கி, ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி எழுதுவார். பழசும் புதுசும் கலக்கக் கூடாது. "எட்டும் ஒண்ணா வரணும், ஒண்ணா போவணும்." ரிமோட்டின் நெற்றியில் சின்னதாக ஒரு முள் உண்டு. பச்சையில் நின்றால் உயிர் இருக்கிறது, சிவப்புக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓட்டிப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். காரையும் ரிமோட்டையும் என் வண்டியில் வைத்துவிட்டு, பந்தயத்துக்கு வரும்போது எடுத்து வரச் சொன்னார். வியாழக்கிழமை காடாம்புலியூரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வரும்போது டயர் பஞ்சர். மழை, பொழுது சாய்கிற நேரம். டார்ச் எரியவில்லை. ரிமோட்டைத் திறந்து இரண்டு பேட்டரியை எடுத்து டார்ச்சில் போட்டேன். காலிக் குழி ஒரு மாதிரி இருந்தது. டார்ச்சில் இருந்த இரண்டை அதில் வைத்து மூடினேன். வீட்டுக்குப் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

டார்ச்சுக்கு ஆகாத பேட்டரி சும்மா கிடந்தால் கொஞ்சம் உயிர் பிடிக்கும். ஞாயிறு காலை மச்சான் ரிமோட்டைப் போட்டபோது முள் பச்சையில் நின்றது. அவர் மூடியைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஞாபகமே வரவில்லை.

நான்காவது சுற்று வரை அவர் இரண்டாவது இடத்தில் இருந்தார். வளைவில் திரும்பிய கார் நேராகவில்லை. வட்டம் போட்டது. மறுபடியும் வட்டம், வேகம் குறையாமல். "மூணு வெரலு சர்க்கஸ் காட்டுதுடா" என்று ஒருத்தன் கத்த, ஜனம் சிரித்தது. மச்சானின் கட்டை விரல் குச்சியைப் பின்னால் இழுத்தே பிடித்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் கார் ஒரு முழம், ஜனத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுப் பக்கம் நகர்ந்தது. கயிற்றை ஒட்டி ஒரு அம்மா அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தாள், முதுகு எங்கள் பக்கம். ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு மச்சான் ஓடினார். நான் முள்ளைப் பார்த்தேன். சிவப்பையும் தாண்டிப் படுத்துக் கிடந்தது. அப்போதுதான் மழையும் டார்ச்சும் ஞாபகம் வந்தது. மச்சான் அடுப்புக்கு முன்னால் போய் நின்று காலைக் குறுக்கே வைத்தார். கணுக்காலில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கார் கவிழ்ந்து, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

எலும்பு முறிவு. தூக்கி வண்டியில் படுக்க வைக்கும்போது மொபைல் கடைக்காரர், "சொன்னனே மாமா, கை சரிப்படலன்னு" என்றார். அதற்கு மச்சான், "ஆமா. வெரலு மரத்துப் போச்சு போல. எனக்கே தெரியல" என்றார். பேட்டரி மாற்றியதைச் சொல்லாமலே வண்டியை எடுத்தேன்.

மூன்று நாள் கழித்து போன் செய்தார். "ரிமோட்ட எடுத்துட்டு வா மாப்ள. பாத்துட்டு வித்துடலாம்." செம்மண்டலத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பும்போது டார்ச்சையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. புதுச்சத்திரம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். ரிமோட்டின் மூடியைத் திறந்தேன். டார்ச்சிலிருந்த இரண்டையும் கையில் எடுத்தேன். தேதி அழியாமல் இருந்தது. மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. குற்றம் அவர் கையோடு போய்விடும், அவரும் அதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார். மாற்றாவிட்டால் அவர்கள் வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை போய்விடும். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரண்டையும் திரும்ப டார்ச்சிலேயே போட்டேன்.

அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறில் தேதி இருந்தது. ஏழாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்முது இல்லியே." நான் டார்ச்சை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவர் அதைத் திறந்து பார்த்தார்.

"எப்ப எடுத்த?"

"காடாம்புலியூர்ல. மழ. டயரு பஞ்சரு."

அவர் இடது கட்டை விரலை மடக்கினார், நிமிர்த்தினார். மறுபடியும் மடக்கினார். காலுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பார்க்கவே இல்லை.

"அப்ப தப்பு கை மேல இல்ல" என்றார்.

"இல்ல மச்சான்."

"டார்ச்சு எரிஞ்சிதா?"

"எரிஞ்சிது."

"கேட்டுருக்கலாம் மாப்ள." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் அந்த மனைக்குப் போனேன். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். மொபைல் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒன்னயதான்யா கயித்துக்கு வெளிய நிறுத்தணும்." நிறுத்துங்கள் என்றேன். டீ போடுகிற அம்மா எனக்கு மட்டும் டீ தரவில்லை. மச்சான் திரும்ப வரலாம், ஆனால் சிக்னல் போனால் நிற்கிற மாதிரி காரில் ஏதாவது பொருத்திவிட்டு வரட்டும் என்று முடிவானது.

கால் கூடியது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். காரில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டார். ரிமோட் அதேதான். திரும்ப வந்த முதல் நாள், நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். அவர் மூடியைத் திறந்த ரிமோட்டையும் எட்டுப் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். "போடு மாப்ள." எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் தேதியையும் வாய்விட்டுப் படித்துப் படித்துப் போட்டேன்.

இன்றைக்கும் அப்படித்தான். போன ஞாயிறு போயிருந்தேன். டாஷ்போர்டில் தேதி இல்லாத அந்த இரண்டும் சிதம்பரம் வரை உருண்டுகொண்டே வந்தன. எட்டையும் நான்தான் போட்டேன். கார் கிளம்பியதும் அவர் கண் காரில் இருக்கும். ரிமோட்டைப் பார்க்க முடியாது, அதனால் நான் தோளை ஒட்டி நிற்பேன். இதுவரை நான்கு முறை ஜெயித்திருக்கிறார் என்கிறார்கள். ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.