சுண்ணாம்பின் தோள்பட்டை

என் தம்பிக்கு அப்பா அம்மா ஆசையா ஒரு பேர் வெச்சாங்க. அது ரேஷன் கார்டோட சரி. ஊருக்கு அவன் சுண்ணாம்புதான். வேலை முடிஞ்சு வந்தான்னா தலைமுடி, புருவம், காது மடல் எல்லாத்துலயும் வெள்ளைப் புள்ளி. பெயின்டர்ல முக்கால்வாசிப் பேர் சுவர் அடிக்கறவங்க. இவன் சீலிங் அடிக்கறவன். காலையில அண்ணாந்து, ரோலரைத் தலைக்கு மேல தூக்கினான்னா சாயங்காலம்தான் கையும் கழுத்தும் கீழ இறங்கும். அவன் அடிச்ச சீலிங்ல ஒரு திட்டு, ஒரு கோடு காட்டிடுங்க பாப்போம்.

நான் பஸ் கண்டக்டர். பின் படிக்கட்டுல தொங்கறவனை முன் படிக்கட்டுல இருந்தே சத்தம் போட்டு இறக்கி விடுவேன். எங்க ரெண்டு பேருக்கும் பங்கு போட வேண்டிய வாய எங்கம்மா மொத்தமா எனக்கே குடுத்துட்டாங்கன்னு நினைக்கறேன். அவன் வாயில இருந்து வர்றது ரெண்டே வார்த்தை, "பரவால்ல", "பாத்துக்கலாம்". அந்தப் பரவால்லதான் அவனைக் குழியில தள்ளிச்சு.

ஒரு நாள் காலையில வேலைக்கு சைக்கிள்ல போயிருக்கான். கடை வாசல்ல நின்ன வேனை டிரைவர் பின்னாடி பாக்காம எடுத்துட்டான். இடிச்ச வேகத்துல இவன் சைக்கிளோட போய் நடைபாதை விளிம்புல விழுந்தான். முழு உடம்பும் வலது தோள்ல இறங்கிடுச்சு. டிரைவர் பதறிப் போய், "அடி பலமாண்ணே?"ன்னு கேட்டிருக்கான். இந்த மகராசன் என்ன சொன்னான் தெரியுமா? "பரவால்லப்பா, நீ போ." கடைக்காரர் மட்டும் வேனைப் போட்டோ எடுத்து வெக்கலன்னா, இடிச்சது காத்தா பேயான்னே தெரியாம போயிருக்கும். ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதான். டாக்டர் கேட்டதுக்கு "லேசா வலிக்குது சார்"னு சொல்ல, அவரும் லேசான வலின்னே எழுதிட்டார்.

அப்புறம் தம்பி பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுதா. "அண்ணி, சட்டை கூட நான்தான் மாட்டி விடறேன். தலை சீவ முடியல. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுங்கறார்."

ஏன்டா இப்படிப் பண்றேன்னு கேட்டேன். "உனக்குப் புரியாதுக்கா"ன்னான். அப்புறம்தான் புரிஞ்சுது. அவனுக்கு வேலை குடுக்கறது ஒரு மேஸ்திரி. நல்ல மனுஷன்தான். ஆனா பெயின்ட் வேலையில ஒருத்தனுக்குத் தோள் போச்சுன்னு பேச்சு கிளம்பினா, ஏணி ஏறுற அத்தனை பேருக்கும் அது மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுடும். அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். அதனால மேஸ்திரிகிட்ட, "சுளுக்குண்ணே, சீக்கிரம் வந்துடறேன்"னு சொல்லி வெச்சிருக்கான்.

விட்டேனா? இழுத்துட்டுப் போய் ஸ்கேன் எடுத்தேன். தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணலன்னா கை தோளுக்கு மேல ஏறாதுன்னுட்டாங்க. சீலிங் அடிக்கறவனுக்குத் தோளுக்கு மேலதானே பொழைப்பே! அந்தச் செலவுக்கு எங்க குடும்பத்தையே வித்தாலும் பத்தாது. வேனுக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனிதான் குடுத்தாகணும். ஒரு வக்கீலம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அந்தம்மா கறாரான ஆளு. "கம்பெனிக்காரங்க எதைக் குடுத்தாலும் என்கிட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க. டாக்டர்கிட்ட வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, நாளைக்கு அவர் எழுதினதுதான் பேசும். முக்கியமா, கேஸ் முடியற வரைக்கும் தெரியாதவங்ககிட்ட கையைப் பத்தி வாயே திறக்காதீங்க"ன்னாங்க. இவன் எல்லாத்துக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

தலையாட்டின சூடு ஆறல. ஒரு நாள் நான் டியூட்டியில இருக்கறப்போ, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோட ஒருத்தன் தம்பி வீட்டுக்கு வந்திருக்கான். "உங்க சீலிங் வேலையைப் பத்தி ரொம்ப உசத்தியா சொன்னாங்க. புது வீடு கட்டியிருக்கேன், எல்லா ரூமும் நீங்கதான் அடிக்கணும். ஆனா ஏதோ அடிபட்டதா கேள்விப்பட்டேனே, முடியுமா?" வேலை இல்லாம சுவத்தையே பாத்துட்டுக் கிடந்தவன் இவன். காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்திருக்கும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்"னு எந்திரிச்சு, வலது கைய மேல தூக்கி, வாசல் நிலையோட உச்சியைத் தொட்டுக் காட்டியிருக்கான். "என் வீட்டம்மாவுக்குக் காட்டணும், இன்னொரு தடவை"ன்னு அவன் போனை நீட்டியிருக்கான். இவன் சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவையும் தூக்கியிருக்கான்.

அந்த ஆள் தெரு திரும்பினதும் இவன் உள்ள போய்க் கதவுக்குப் பின்னால உக்காந்துட்டானாம். துண்டைக் கடிச்சுக்கிட்டு, வேர்த்து ஊத்தி, கண்ணுல தண்ணி. புது வீட்டுக்காரன் அதுக்கப்புறம் வரவே இல்ல.

அந்த ஆள் போன்ல எடுத்த வீடியோதான், கம்பெனிக்காரங்க கையில கோர்ட்டுக்கு வந்துச்சு.

சின்ன அறை அது. நாலஞ்சு பெஞ்சு, தலைக்கு மேல கடகடன்னு ஒரு ஃபேன். விபத்துக்கு முன்னாடி இவன் என்ன வேலை பாத்தான்னு சொல்ல மேஸ்திரி சாட்சியா வந்திருந்தார். சொல்லி முடிச்சுட்டு முன் பெஞ்சுல உக்காந்திருந்தார். கம்பெனி வக்கீல் லேப்டாப்பைத் திருப்பி வெச்சார். அதுல என் தம்பி சிரிக்கறான், கையைத் தூக்கறான், நிலையைத் தொடறான். அட பாவி, உன்னை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!

"இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"வீட்டுல ஏறுற கை இங்க வந்தா ஏறாதோ?" பின்னாடி யாரோ சிரிச்சாங்க. "அன்னிக்குப் பொய்யா, இல்ல, இன்னிக்குப் பொய்யா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

தம்பி நீதிபதியைப் பாக்கல, வக்கீலையும் பாக்கல. மேஸ்திரியைத்தான் பாத்தான். அவன் மனசுல ஓடினது எனக்கு அட்சரம் பிசகாமத் தெரியும். அன்னிக்கு நடந்தது நிஜம்னு சொன்னா ஆபரேஷன் போச்சு. பொய்னு சொன்னா, வேலை குடுக்கற மனுஷன் கண்ணு முன்னாடியே நான் வேலைக்கு ஆகாத ஆளுன்னு தானே சொல்லிக்கிட்ட மாதிரி. எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. வக்கீலம்மா என் முழங்காலை அழுத்திப் பிடிச்சாங்க.

"அன்னிக்குத்தான் சார் பொய் சொன்னேன்." குரலே எழும்பல. நீதிபதி சத்தமா சொல்லச் சொன்னார். "அன்னிக்குத்தாங்கய்யா பொய். வேலை தர்றேன்னு வந்தார். முடியாதுன்னு எப்படிச் சொல்றது? பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டேன். அப்புறம் ரெண்டு நாள் சோத்தைக் கூட என் பொண்டாட்டிதான் ஊட்டி விட்டா."

"இப்ப தூக்குங்க, பாப்போம்"னார் நீதிபதி.

தூக்கினான். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்னுடுச்சு. பல்லைக் கடிக்கப் போறான்னு அவன் தாடையைப் பாத்தே தெரிஞ்சுது. மேஸ்திரி பாக்கறாரே, இந்த வெக்கங்கெட்ட ரோஷத்துல மேல ஏத்திடுவானேன்னு எனக்கு உசுரே போயிடுச்சு. ஒரு நிமிஷம் அப்படியே நின்னான். அப்புறம் தாடையை விட்டுட்டான். கை தானா கீழ இறங்கிடுச்சு.

"இதுக்கு மேல வரலைங்கய்யா."

நீதிபதி ஸ்கேனைக் கையில எடுத்துப் பாத்தார். அந்த வீடு தேடி வந்த ஆள் யாரு, எதுக்காக வேலை தர்றேன்னு பொய் சொன்னான்னு கம்பெனி வக்கீலைக் கேட்டார். அந்த வக்கீல் லேப்டாப்பை மூடிட்டார். ஆபரேஷன் செலவைக் கம்பெனிதான் ஏத்துக்கணும்னு முடிவாச்சு.

வெளிய வராந்தாவுல மேஸ்திரி எங்களுக்காக நின்னுட்டிருந்தார்.

"என்கிட்டயாவது தோள் இவ்வளவு மோசம்னு சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லியிருந்தா வேலைக்குக் கூப்பிட்டிருப்பீங்களாண்ணே?"

அந்த மனுஷன், "மாட்டேன்டா"ன்னார். இனிமே கூப்பிடுவேன்னும் சொல்லல. அவன் முதுகை ஒரு தட்டு தட்டிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவரை நிறுத்தி நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கலாம்னு வாயெடுத்தேன். தம்பி இடது கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "விடுக்கா, வீட்டுக்குப் போலாம். தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, தாங்கல."

விழுந்த நாள்ல இருந்து அவன் என்கிட்ட வலிக்குதுன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை அடக்க முடியல. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே அழுதேன்.